முழங்கால் மட்டம்

அன்றைக்குக் காலையில் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் கால் வைத்ததும் தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரை வெதுவெதுவென்று இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டுவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாள். போய்ப் பார்த்தால் பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. அடுப்பும் அப்படியே. வெளியே பனி இன்னும் விலகவில்லை. குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மாமா, தரை சுடுது பாருங்க."

மாமனார் ஏற்கெனவே எழுந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பஸ்ஸில் காலமெல்லாம் நின்றதில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாதங்களைத் தரையில் அகலமாகப் பரப்பி வைத்திருந்தார்.

"சுடலம்மா, இதமா இருக்கு. வருஷக்கணக்கா இந்த முட்டி என்னைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்குத்தான் வாயை மூடியிருக்கு. நீ கலைச்சு விட்டுடாதே."

"அடியில ஏதாவது எரியுதோ என்னவோ?"

"எரிஞ்சா புகை வரும். உனக்குப் பல்லி விழுந்தாலே பூகம்பம். போய் டீ போடும்மா."

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே பயந்தாங்கொள்ளிதான். கணவன் வைத்தது. லாரி கிளப்பும்போது கும்பிடுவாள், இடி இடித்தால் மிஷினைத் துணி போட்டு மூடுவாள், பிள்ளை அதிக நேரம் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் குடியிருந்தது தொட்டிக் கட்டடத்தில். ஒரு காலத்தில் அந்த ஊரில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊறி வந்தது. வெறும் வெந்நீர் இல்லை. சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு வரும் வெந்நீர். மூட்டுவலி, சொறி, தூக்கமின்மை என்று பணக்காரர்கள் குதிரை வண்டி கட்டிக்கொண்டு குளிக்க வந்தார்கள். அவர்களுக்காகக் கட்டியதுதான் அந்த இரண்டு மாடிக் கட்டடம். மேலே தங்கும் அறைகள். கீழே அறைக்கொரு கல்தொட்டி, ஆள் நீட்டிப் படுக்கும் நீளத்தில். பிறகு சண்டை வந்தது. குளிக்க வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கை கால் போன சிப்பாய்களைக் கொண்டுவந்து போட்டார்கள். சண்டை முடிந்ததும் அது இருமல்காரர்களின் ஆஸ்பத்திரி ஆனது. அப்புறம் மேட்டில் தண்ணீர் கம்பெனி வந்தது. ஆழமாகத் துளை போட்டு, ஊற்றுநீரை இயந்திரத்தால் உறிஞ்சி, பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அவர்கள் மேலே உறிஞ்ச உறிஞ்சக் கீழே ஊற்று வற்றியது. வெந்நீரே இல்லாத கட்டடத்தைக் கொஞ்ச நாள் பெண்கள் விடுதியாக வைத்திருந்துவிட்டு, கடைசியில் பலகை வைத்துத் தடுத்து, கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

தொட்டிகளை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. இடிக்கப் போனவர்களுக்குக் கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். ஆகவே கீழ்வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி. பக்கத்து வீட்டுக் கோழியக்கா தன் தொட்டியில் கோழி வளர்த்தாள். கடைசி வீட்டு வாட்ச்மேன் தன்னுடையதில் பழைய சாமான் போட்டு வைத்திருந்தான். தையல்காரி வெட்டிய துணியும் தைக்காத துணியும் மூட்டை மூட்டையாகத் தொட்டியில்தான் வைத்திருந்தாள். கீழ்வீடுகள் எல்லாவற்றிலும் வெளிச்சுவரில் தரையை ஒட்டிக் கம்பி போட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அவற்றின் வழியாக எலி வந்தது, குளிர்காற்று வந்தது. எதற்காக வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வந்த குடும்பமெல்லாம் முதல் வேலையாக அவற்றை அடைத்தது. தையல்காரியும் துண்டுத் துணியைத் திணித்துத் திணித்துக் கெட்டியாக அடைத்திருந்தாள்.

தண்ணீர் கம்பெனியைப் போன வருஷம் இழுத்து மூடிவிட்டார்கள். அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் இப்போது வேறு முதலாளியின் லாரியில் எங்கெங்கோ போகிறான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வீட்டில் அவளும் மாமனாரும், இப்போதுதான் தவழக் கற்றிருந்த பெண் குழந்தையும்தான். குழந்தையை உருண்டை என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் நிஜமாகவே உருண்டுகொண்டுதான் வரும்.

மறுநாள் தொட்டியிலிருந்து சத்தம் வந்தது. யாரோ வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது போல. தையல்காரி துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அடி மூட்டை நனைந்திருந்தது. சிமெண்ட் வைத்து அடைத்திருந்த வடிகால் துளை விரிசல் விட்டு, அதிலிருந்து வெந்நீர் கசிந்துகொண்டிருந்தது. கசிந்த நீரில் குமிழிகள் மேலே வந்து வந்து உடைந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே ஏதோ மூச்சு விடுகிற மாதிரியே இருந்தது.

மாமனார் எட்டிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார்.

"ஊத்து திரும்பிடுச்சும்மா! மேட்டுல உறிஞ்சறதை நிறுத்தினான் இல்ல, தண்ணி அதோட வீட்டுக்கு அதுவே வந்துடுச்சு!"

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கோழியக்கா வந்தாள், வாட்ச்மேன் வந்தான், மாடியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். கீழ்வீடுகளில் எல்லாம் தரை சூடாகத்தான் இருந்தது. யாரும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள், சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார்களோ என்று.

"இது சாதாரண விஷயம் இல்லை," என்றார் செயலாளர். "நம்ம ஊருக்கே மறுபடி நல்ல காலம். முறையா எழுதிப் போட்டா பெரிய ஆளுங்க வருவாங்க. நீங்க துண்டு தைக்க ஆரம்பிக்கலாம்மா."

"அதுக்கு முன்னாடி யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமே சார். எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"பயமா? தண்ணிக்கா?" என்று செயலாளர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

கணவனிடம் போனில் சொன்னாள். அவனும் சிரித்தான். "மத்தவங்க வெந்நீர் போட கேஸ் வாங்குறாங்க. உனக்குச் சும்மா வருது. அதுக்கும் ஒரு அழுகையா?" என்றான். பின்னால் லாரி உறுமுகிற சத்தத்தில் அவள் சொன்ன மீதி அவன் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து மாமனார் தினமும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கணுக்கால்வரை நீரில் வைத்துக்கொண்டார். குமிழி குமிழியாக நீர் காலில் குறுகுறுப்பது அவருக்கு ஒரே சந்தோஷம். நொண்டி நொண்டி நடந்தவர் நிமிர்ந்து நடந்தார். அதைப் பார்க்கும்போது அவளுக்கே தன் பயத்தின் மேல் கோபம் வந்தது. ஆனாலும் தொட்டி அறைக்குள் போனாலே தலை கனத்தது. குனிந்து எதையாவது எடுத்தால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சோடா குடித்துப் புரையேறினால் மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அப்படி ஏறியது.

ஒரு நாள் காலையில் கோழியக்கா போட்ட கூச்சலில் கட்டடமே திரண்டுவிட்டது. அவள் தொட்டியில் இருந்த கோழிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. ரத்தம் இல்லை, காயம் இல்லை. தூங்குகிற மாதிரி தலையைச் சிறகில் புதைத்துக்கொண்டு அப்படியே கிடந்தன. விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த சேவல் ஒன்று மட்டும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எல்லாரையும் பார்த்தது.

"யாரோ விஷம் வெச்சுட்டாங்க! என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டாங்க!" என்று கோழியக்கா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"கோழிக்காய்ச்சல்," என்றார் செயலாளர், கொஞ்சம் தள்ளி நின்றே.

தையல்காரி சேவலையே பார்த்தாள். சேவல் மேலே இருந்தது, பிழைத்தது. மற்றவை கீழே இருந்தன, செத்தன. அவளுக்குள் அது முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றினாள். தொட்டி அறை வாசலில் நின்று கையை மெல்லத் தாழ்த்தினாள். இடுப்பு மட்டம்வரை சுடர் நன்றாக எரிந்தது. தொட்டி விளிம்புக்குக் கீழே போனதும் யாரோ ஊதி அணைத்த மாதிரி அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது. அங்கே காற்றே இல்லை. ஊதுவதற்கும் யாரும் இல்லை. 

முதலில் குழந்தையின் படுக்கையைத் தரையிலிருந்து தூக்கினாள். முன்னறையில் துணி வெட்டும் பெரிய மேஜையின் மேல் மெத்தையைப் போட்டு, சுற்றிலும் தலையணையும் துணி மூட்டையும் அடுக்கி வேலி கட்டினாள். பிறகு மாமனாரைக் கூப்பிட்டு மெழுகுவர்த்தியைக் காட்டினாள்.

"ஈரம்மா. ஆவியில அணையுது," என்றார் அவர்.

"ஆவின்னா மேலேயும் அணையணுமே மாமா. இனிமே தொட்டிக்குப் போகாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"காலைத்தானே இப்ப நான் காப்பாத்தி வெச்சிருக்கேன்," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னாள். கம்பெனி மூடிய பிறகும் அந்தக் காலி ஷெட்டுகளுக்கு அவன்தான் இரவுக் காவல். பகலெல்லாம் வெறுந்தரையில் துண்டு விரித்துத் தூங்குவான். "தம்பி, கொஞ்ச நாளைக்குக் கட்டில்ல படுப்பா" என்றதற்கு, "அக்கா, நான் பேய்க்கே காவல் இருக்குறவன். தரையைப் பாத்துப் பயப்படுவேனா? ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்குக்கா" என்றான். செயலாளர் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகி, நிலத்தடி நீர் ஆபீசுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் மழை வந்துவிட்டது. குளிர்காற்றோடு விடாத மழை. கட்டடம் முழுக்கக் கதவையும் சன்னலையும் இறுக்கி மூடிக்கொண்டது. மத்தியானம் செயலாளரின் மனைவிக்கு அளவு பார்க்க அவள் மாடிக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தை மேஜை மேல் தூங்கிக்கொண்டிருந்தது. மாமனார் பக்கத்தில் நாற்காலியில்.

"இங்கேயே இருங்க மாமா. எழுந்துட்டாள்னா என்னைக் கூப்பிடுங்க. இறக்கிவிடாதீங்க."

"போயிட்டு வாம்மா. பஸ்ஸு நிறைய ஜனத்தை மேய்ச்சவன் நான். இந்த ஒரு டிக்கெட்டைப் பாத்துக்க மாட்டேனா?"

மாடியில் அதிக நேரம் ஆகவில்லை. கைநீளம் கொஞ்சம் கூட்டணும், கழுத்தைக் குறைக்கணும், அவ்வளவுதான். ஆனால் ஊசியைப் பிடித்திருந்த அவள் விரல் திடீரென்று நின்றது. கீழே சத்தமே இல்லை. குழந்தை சிணுங்கவில்லை, மாமனார் வழக்கமாகப் போடும் பாட்டு இல்லை. மழைச் சத்தம் மட்டும். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே படியிறங்கினாள்.

மேஜை காலியாக இருந்தது. தலையணை வேலி ஒரு பக்கம் சரிந்திருந்தது. நாற்காலியும் காலி. தொட்டி அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"மாமா?"

கதவைத் தள்ளினாள். மாமனார் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். குளிர் தாங்காமல் இன்று உள்ளேயே இறங்கி, ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலை விளிம்பில் சாய்ந்து, வாய் திறந்திருந்தது. தொட்டிக்கு வெளியே தரையில் உருண்டை குப்புறக் கிடந்தது. ஒரு கையில் தண்ணீர் மொள்ளும் டப்பா. தாத்தா காலில் குமிழி பார்க்கக் கூட வந்திருக்கிறது.

அவள் பாய்ந்து குனிந்தாள். அலறுவதற்காக மூச்சை இழுத்தவள் அங்கிருந்த காற்றை முழுசாக உள்ளே இழுத்துவிட்டாள். மூக்கில் ஊசி குத்திய மாதிரி ஏறியது. கண்ணில் நீர் தெறித்தது. முட்டி இரண்டும் துணி மாதிரித் துவண்டன. விழப்போகிறோம், விழுந்தால் மூன்று பேரும் இங்கேயே என்று மட்டும் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நின்றால் மூச்சு வந்தது. குனிந்தால் வரவில்லை.

அந்த நேரத்தில் பயந்தாங்கொள்ளிக்குத் தோன்றியது ஒன்றுதான்: இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்க முடியாது. மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்திருக்கிறாள். நிமிர்ந்தபடியே மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, குனிந்து, குழந்தையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். தூக்கியபடியே ஓடினாள். முன்னறை, வாசல், மழை.

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவள் அதன் வாயில் வாயை வைத்து ஊதினாள். முதுகைத் தேய்த்தாள். மறுபடி ஊதினாள். மழை அதன் முகத்தில் சடசடவென்று விழுந்தது. என்ன சொல்லிக் கத்தினாளோ, கோழியக்கா ஓடி வந்தாள், மாடிப்படியில் செயலாளர் இறங்கி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? ஐயோ, பிள்ளைக்கு என்ன?"

குழந்தை ஒரு தரம் விக்கியது. பிறகு ஒன்றுமில்லை. உலகத்திலேயே அதுதான் மிக நீளமான ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு விக்கல். பிறகு எங்கிருந்தோ கிளம்பி வந்தது அழுகை, கம்மலாக, ஆட்டுக்குட்டி மாதிரி.

"அழுவுது! அழுவுதுடி! விடு, என்கிட்ட குடு!" கோழியக்கா பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மாமா உள்ளே இருக்காரு," என்று தையல்காரி திரும்பினாள். செயலாளர் அவளுக்கு முன்னால் ஓடினார். அறைக்குள் நுழைந்து தொட்டியில் கைவைத்துக் குனியப் போனவரின் சட்டைக் காலரை அவள் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"குனியாதீங்க சார்! கீழே காத்து கெட்டது! குனிஞ்சா நீங்களும் போயிடுவீங்க! சன்னலை உடைங்க!"

அவர் நாற்காலியைத் தூக்கிச் சன்னலில் வீசினார். மிஷின் மேல் பாதி தைத்த திரைத்துணி கிடந்தது, நல்ல கனத்த துணி. அதை உருவிக்கொண்டு வந்தாள். வாசலில் மூச்சை இழுத்தாள். குனிந்து, மாமனாரின் அக்குளுக்குக் கீழே துணியைக் கொடுத்தாள். பாதியில் மூச்சு முடிந்துபோனது. வெளியே ஓடி மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி வந்தாள். முடிச்சுப் போட்டாள். துணியை முடிவது அவள் விரல்களுக்குப் பழகிய வேலை. பிறகு இருவரும் வாசலுக்கு வெளியே நின்று நிமிர்ந்தபடியே இழுத்தார்கள். கனத்த உடம்பு விளிம்பில் மோதி, சரிந்து, தரையில் விழுந்து, மூட்டை மாதிரி இழுபட்டு வந்தது.

மழையில் போட்டுச் செயலாளர் நெஞ்சை அழுத்தினார். எப்போதோ எங்கோ பயிற்சி எடுத்தவராம். கிழவர் ஒரு பெரிய இருமலோடு கண்ணைத் திறந்தபோது அவருக்கு யார் யாரென்றே தெரியவில்லை. "உள்ளே தள்ளுங்க, உள்ளே தள்ளுங்க" என்றார், பஸ்ஸில் சொல்வது போல.

அப்போதுதான் தையல்காரிக்கு நினைவு வந்தது.

"வாட்ச்மேன்!"

கடைசி வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்கள், கத்தினார்கள். செயலாளரும் மாடிக்காரர்களும் சேர்ந்து தோளால் முட்டிக் கதவைப் பெயர்த்தார்கள். அவன் துண்டை விரித்து, ஒரு கையைத் தலைக்கு அண்டக் கொடுத்து, சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு கூட இல்லை. இவர்கள் வெளியே இழுத்து வந்தபோது உடம்பு தரைச் சூட்டில் இன்னும் கதகதப்பாக இருந்தது. அந்தச் சூட்டை நம்பிக் கொஞ்ச நேரம் போராடினார்கள்.

நிலத்தடி நீர் ஆபீசிலிருந்து என்ஜினியர் அன்றைக்கே வந்தார். கயிற்றில் ஒரு கருவியைக் கட்டி அறை அறையாக இறக்கிப் பார்த்தார். எல்லா அறையிலும் அது கீச்சென்று கத்தியது.

"ஊத்தோட ஒரு வாயுவும் வருதும்மா. சோடாவுல இருக்கறதும் அதே வாயுதான். காத்தை விடக் கனம். தண்ணி மாதிரி கீழேயே தேங்கும், மொதல்ல தொட்டி நெறையும், அப்புறம் வழிஞ்சு தரையில பரவும். உங்க வீட்டுல முழங்கால் மட்டத்துக்கு நின்னுருக்கு. நிக்கிறவனுக்குத் தெரியாது, படுத்தவன் எழுந்திருக்க மாட்டான்."

"அந்தக் காலத்துல இதுலதானே சார் குளிச்சாங்க? அவங்க சாகலையே?" என்றாள் தையல்காரி.

என்ஜினியர் வெளிச்சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி ஓட்டையிலிருந்து ஒரு துண்டுத் துணியை உருவினார். பிறகு இன்னொன்று. நீலம், பூப்போட்டது, கோடு போட்டது.

"இது வழியா வெளியே வடிஞ்சு சரிவுல இறங்கிப் போயிடும். கட்டினவங்களுக்குத் தெரியும். ஊத்து வத்தினப்புறம் இது எதுக்குன்னு யாரும் யார்கிட்டயும் சொல்லி வைக்கல. உங்களைக் குத்தம் சொல்றதுக்கு இல்ல."

குத்தம் சொல்வதற்கு இல்லைதான். ஆனால் அந்தத் துணிகளில் ஒவ்வொன்றும் யாருக்குத் தைத்ததின் மிச்சம் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மழைக்குள் போய் நின்றாள்.

கீழ்வீடுகளை அன்று மாலையே காலி செய்து பூட்டினார்கள். கணவன் லாரியைப் பாதி வழியில் வேறொருவனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பட்டப்பெயரை அதற்கப்புறம் அவன் வாயில் எடுக்கவே இல்லை. ஊர்க்கோடியில் ஒரு மூன்றாம் மாடியில் வீடு பிடித்தார்கள். தண்ணீர் ஏற்ற வேண்டும், கேஸ் சிலிண்டர் தூக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். மேல்வீடுதான் வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

மாமனாருக்கு அந்த நாளே நினைவில் இல்லை. மயக்கம் வந்தது, யாரோ தண்ணீர் தெளித்தார்கள், அவ்வளவுதான் அவருக்கு. "எனக்கு சுகர் இறங்கிடுச்சு. அதுக்குப் போய்த் தொட்டியைக் குறை சொல்றாங்க" என்று பார்க்க வருபவர்களிடம் எல்லாம் சொல்வார். உருண்டையைத் தொட்டி அறைக்குக் கூட்டிப்போனது அவர்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவளுக்குச் சில நாள் நாக்கு நுனிவரை வரும். அவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொள்வாள்.

பின்னால் ஒரு பெரிய நிறுவனம் வந்து தொட்டிக் கட்டடத்தை வாங்கியது. காற்றை வெளியேற்றும் விசிறிகள் வைத்தார்கள், தரையோரம் சிவப்பு விளக்கும் மணியும் வைத்தார்கள், தொட்டிகளைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினார்கள். கார்கள் வரத் தொடங்கின. கோழியக்காவுக்குச் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. செயலாளர் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தார். துண்டும் அங்கியும் தைக்க ஆள் வேண்டும் என்று தையல்காரியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேண்டவே வேண்டாம் என்றிருந்தவள், கணவனின் லாரி வேலை ஒழுங்காக இல்லாததால், ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள்.

நடைவழி முழுக்கப் பளிங்கு. எங்கிருந்தோ மெல்லிய பாட்டு. வாட்ச்மேனின் கடைசி வீடு இருந்த இடத்தில் செருப்பு வைக்கும் அலமாரி. அதன் முன்னால் வந்ததும் அவளுக்குக் கால் எழவில்லை. அலமாரியில் வரிசையாக இருந்த வெள்ளைச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட வந்த பெண் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். வேலைக்கு ஒத்துக்கொண்டாள், மிஷினை மாடியில் போடவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர் குடும்பங்களுக்கு அனுமதி உண்டு. மாமனார் போகாமல் இருக்க மாட்டார். உருண்டை இப்போது ஓடுகிற வயது. தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுக்கும். முதல் ஞாயிறு தையல்காரி வாசலிலேயே வழியை மறித்து நின்றாள். பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழுதது. தரையில் விழுந்ததைப் பார்த்ததும் அவள் அலறியடித்து அதை வாரித் தூக்கினாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விடும்மா," என்றார் மாமனார். குரலில் கேலி இல்லை. "நானும் வரேன், நீயும் வா. உனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா அந்த நிமிஷமே கிளம்பிடலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் போனாள். குழந்தைகள் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. மற்ற அம்மாக்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவள் உட்காரவில்லை. உருண்டை குமிழிகளைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தது. ஒவ்வொரு முறை அது முகத்தைத் தண்ணீருக்கருகே கொண்டுபோனபோதும் அவள் மூச்சு நின்றது. நிமிர்ந்தபோது திரும்ப வந்தது.

"அம்மா, நீயும் இறங்கு! சுடவே இல்ல!"

"நீ ஆடுடி கண்ணு. நான் இங்கேயே நிக்கிறேன்."